ஓடரை யார் எழுதிக்கொள்வது? சிறு தொழிலுக்கு ஏற்ற தன்னியக்கத் தளத்தைத் தெரிவுசெய்தல்

போருக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் பரவிய சிறு தொழில்களில் ஒன்று, வெளிநாட்டில் இருப்பவர் கேட்கும் பொருளை ஊரில் இருப்பவரின் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது. ரொறன்ரோவில் இருக்கும் மகன் கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்புகிறார். லண்டனில் இருக்கும் தங்கை முல்லைத்தீவில் இருக்கும் அக்காவின் வீட்டுக்கு மாதச் சாமான் அனுப்புகிறார். எதிர்த்திசையிலும் பொதிகள் போகின்றன: ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி, கருவாடு. இந்தத் தொழில்களில் பல ஒரு வீட்டின் முன்னறையில், ஒரேயொரு கைபேசியுடன் நடக்கின்றன. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நடத்துபவையும் அவற்றுள் உண்டு.

இந்தத் தொழிலின் சிரமம் சமையலிலோ பொதி கட்டுவதிலோ மட்டும் இல்லை. ரொறன்ரோவில் கோடைகால மாலை ஆறு மணி என்றால் இங்கே அதிகாலை மூன்றரை. அந்த நேரத்தில் வரும் ஓடருக்குப் பதில் போகாவிட்டால் வாடிக்கையாளர் வேறு இடத்தைத் தேடுவார். காலையில் எழுந்து வட்ஸ்அப், முகநூல், மின்னஞ்சல் மூன்றையும் பார்த்து, பெயரையும் முகவரியையும் கொப்பியில் எழுதி, ஓட்டோக்காரருக்குத் திரும்பத் தட்டச்சு செய்து அனுப்புவதற்குள் ஒன்றிரண்டு தவறிவிடும். தவறியது ஒரு தாயின் பிறந்தநாள் கேக்காக இருந்தால் அந்த வாடிக்கையாளர் மட்டுமல்ல, அவருடைய உறவுகளும் திரும்பி வரமாட்டார்கள்.

இந்த எழுதிக்கொள்ளும் வேலையைத் தாமே செய்வதாகச் சொல்லும் கிளவுட் தன்னியக்கத் தளங்கள் இன்று பல இருக்கின்றன. ஸாப்பியர், மேக், என்-எயிட்-என், மைக்ரோசொஃப்ட் பவர் ஓட்டோமேட் என்பவை அவற்றில் பெயர்பெற்றவை. விளம்பரங்களில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் விலையைக் கணக்கிடும் முறையிலும், உங்கள் வாடிக்கையாளரின் விபரங்கள் எங்கே தங்குகின்றன என்பதிலும், பிடிக்காவிட்டால் எப்படி வெளியேறலாம் என்பதிலும் அவை வெவ்வேறு. தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை இந்த மூன்றும்தான்.

இவை செய்யும் வேலை என்ன?

எல்லாத் தளங்களிலும் அடிப்படை ஒன்றே. “இது நடந்தால், அதைச் செய்” என்பது விதி. ஒருவர் உங்கள் இணையப் படிவத்தை நிரப்பினால், அது தொடக்கம். அதன் பின் நடக்க வேண்டியவை படிகள்: விபரத்தை கூகுள் ஷீட்டில் ஒரு வரியாகச் சேர், வாடிக்கையாளருக்கு “உங்கள் ஓடர் கிடைத்தது” என்று மின்னஞ்சல் அனுப்பு, பொருள் கொண்டுபோகிறவருக்கு டெலிகிராமில் முகவரியை அனுப்பு. ஒரு செயலிக்கும் இன்னொரு செயலிக்கும் இடையில் கடிதம் சுமக்கும் தபால்காரர் போன்றவை இந்தத் தளங்கள்.

கிளவுட் என்பதன் பொருள், இந்த வேலை உங்கள் கணினியில் நடப்பதில்லை என்பது. அந்த நிறுவனத்தின் சேவர்கள் எங்கோ ஒரு நாட்டில் அதைச் செய்கின்றன. இதன் பயனை நாம் அனுபவத்தில் அறிவோம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக் கணினியில் ஓடும் எதுவும் நின்றுவிடும். கிளவுட்டில் ஓடுவது நிற்காது. மின்சாரம் திரும்பும்போது ஓடர்கள் ஒழுங்காக வரிசையில் காத்திருக்கும்.

பெயர்பெற்ற தெரிவுகள்

ஸாப்பியர் 2011இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான செயலிகளுடன் இணையும். இவற்றுள் பழக மிகவும் இலகுவானது. நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு பிற்பகலில் முதல் இணைப்பை அமைத்துவிடலாம். அந்த இலகுவுக்கான விலையும் அதற்கேற்ப உயர்வு.

மேக், செக் குடியரசின் பிராக் நகரில் இன்டக்ரோமட் என்ற பெயரில் உருவானது. 2020இல் ஜேர்மனியின் செலோனிஸ் நிறுவனம் அதை வாங்கியது. 2022இல் பெயர் மேக் என்று மாறியது. வேலையின் ஓட்டத்தைத் திரையில் வட்டங்களாகவும் கோடுகளாகவும் வரையலாம். “உள்ளூர் ஓடர் என்றால் இந்தப் பக்கம், வெளிநாட்டுப் பொதி என்றால் அந்தப் பக்கம்” என்று கிளை பிரிக்கும் வேலைகளுக்கு வசதியானது. பழகச் சில நாட்கள் எடுக்கும்.

என்-எயிட்-என், 2019இல் பேர்லினில் தொடங்கியது. இதன் சிறப்பு, மென்பொருளை இலவசமாக எடுத்து உங்கள் சொந்தச் சேவரில் நிறுவிக்கொள்ளலாம் என்பது. உங்கள் தொழிலுக்குள் பயன்படுத்த அதன் உரிமம் இடம் தருகிறது. அதையே மற்றவர்களுக்கு ஒரு கட்டணச் சேவையாக விற்க முடியாது. நிறுவிப் பராமரிக்க விருப்பமில்லாதவர்களுக்கு அந்நிறுவனமே கட்டணத்துக்கு நடத்தும் கிளவுட் சேவையும் உண்டு.

பவர் ஓட்டோமேட், 2016இல் மைக்ரோசொஃப்ட் ஃப்ளோ என்று அறிமுகமாகி 2019இல் பெயர் மாறியது. உங்கள் அலுவலகம் ஏற்கெனவே மைக்ரோசொஃப்ட் 365 வணிகக் கணக்குக்குப் பணம் கட்டுகிறது என்றால், அவுட்லுக், எக்செல், டீம்ஸ் போன்றவற்றை இணைக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. வெளிச் செயலிகள் பலவற்றை இணைக்க, ஒரு பயனருக்கு மாதம் 15 டொலர் அளவில் மேலதிகக் கட்டணம் உண்டு. கணக்காய்வு அலுவலகம், தொண்டு நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றுக்கு இது பொருந்தலாம். முன்னறைத் தொழிலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

ஐந்தாவது ஒன்று உண்டு. அதற்கு விளம்பரம் இல்லை. கூகுள் ஃபோர்மில் நிரப்பப்படும் விபரம் தானாகவே கூகுள் ஷீட்டில் வந்து விழும். அதற்கு எந்தத் தளமும் தேவையில்லை. அந்த ஷீட்டுக்குள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற வசதியில் சில வரி நிரல் எழுதினால் மின்னஞ்சலையும் தானாக அனுப்பலாம். சாதாரண ஜீமெயில் கணக்கில் இவ்வாறு நாளொன்றுக்கு 100 பேருக்கு அனுப்ப முடியும். கட்டணம் இல்லை. கணினி படித்த ஒரு மருமகனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ ஒரு நாளில் அமைத்துத் தரக்கூடியது.

எண்ணும் முறையில்தான் விலை இருக்கிறது

விலைப்பட்டியலில் உள்ள டொலர் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். ஒவ்வொரு தளமும் எதை எண்ணுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம் எடுப்போம். நாளுக்குப் பத்து ஓடர், மாதம் 300. ஒவ்வோர் ஓடருக்கும் படிவம் ஒரு தொடக்கம். ஷீட்டில் சேர்த்தல், மின்னஞ்சல், டெலிகிராம் என மூன்று படிகள்.

ஸாப்பியர், வெற்றிகரமாக முடிந்த ஒவ்வொரு படியையும் ஒரு “டாஸ்க்” என எண்ணும். தொடக்கத்தை எண்ணாது. ஆகவே 300 ஓடர், மூன்று படி, மொத்தம் 900 டாஸ்க். இலவசக் கணக்கில் மாதம் 100 டாஸ்க் மட்டுமே. அதிலும் ஒரு தொடக்கத்துக்கு ஒரு படி மட்டுமே சேர்க்கலாம். ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால் மாதம் சுமார் 20 டொலர் வரும் திட்டம் 750 டாஸ்க்குடன் தொடங்குகிறது. நமது 900 அதற்குள் அடங்காது; அடுத்த படிநிலைக்கு ஏற வேண்டும்.

மேக், ஒவ்வொரு படியையும் தொடக்கத்தையும் சேர்த்து எண்ணும். இங்கே கவனிக்காமல் விட்டால் செலவு வைக்கும் ஓர் இடம் உண்டு. “புதிய வரி வந்ததா” என்று மேக் உங்கள் ஷீட்டை 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்கும்படி அமைத்தால், ஒன்றும் வராவிட்டாலும் பார்த்த ஒவ்வொரு தடவையும் ஒரு கிரெடிட் கழியும். ஒரு நாளில் 96 தடவை. 30 நாளில் 2,880. இலவசக் கணக்கின் 1,000 கிரெடிட், ஓர் ஓடர்கூட வராமலேயே பதினோராம் நாளில் முடிந்துவிடும். படிவம் நிரப்பப்பட்ட உடனே செய்தி தானாக வந்துசேரும் “வெப்ஹுக்” முறையில் அமைத்தால் இந்தக் கழிவு இல்லை. அப்போது 300 ஓடருக்கு 1,200 கிரெடிட்தான். மாதம் ஏறத்தாழ 10 டொலர் வரும் திட்டத்தில் 10,000 கிரெடிட் கிடைக்கும். தாராளமாகப் போதும்.

என்-எயிட்-என் படிகளை எண்ணுவதில்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரையான முழு ஓட்டத்தையும் ஒன்று என்றே எண்ணும். மூன்று படி இருந்தாலும் முப்பது படி இருந்தாலும் 300 ஓடருக்கு 300 ஓட்டம். அதன் கிளவுட் சேவையின் ஆரம்பத் திட்டம் 2,500 ஓட்டத்துக்கு மாதம் 20 முதல் 24 யூரோ. சொந்தமாக நிறுவினால் எண்ணிக்கைக்குக் கட்டணமே இல்லை. ஐந்தாறு டொலர் வாடகையில் ஒரு சிறிய சேவர் எடுத்தால் போதும்.

ஆனால் அந்த ஐந்தாறு டொலர் முழுச் செலவல்ல. சேவரை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். பிரதி எடுத்து வைக்க வேண்டும். நள்ளிரவில் நின்றுபோனால் எழுப்ப ஆள் வேண்டும். என்-எயிட்-என் கடவுச்சொற்களைப் பூட்டி வைக்க ஒரு சாவிக் குறியீட்டைப் பயன்படுத்துகிறது. அதைத் தொலைத்தால் சேமித்த இணைப்புகள் எல்லாவற்றையும் மீண்டும் அமைக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால், மலிவு என்று எண்ணிச் சொந்தச் சேவர் எடுக்காதீர்கள்.

டொலரில் கட்டும் வாடகை

இந்தத் தளங்கள் எல்லாம் டொலரிலோ யூரோவிலோதான் பணம் கேட்கின்றன. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதி உள்ள வங்கி அட்டை வேண்டும். வங்கியின் மாற்று வீதமும் கட்டணங்களும் அதன் மேல் சேரும்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 20 டொலர் திட்டம் ஒன்றை வைத்திருந்த தொழில், அந்த நிறுவனம் ஒரு சதமும் விலை கூட்டாமலேயே, 4,000 ரூபாய் கட்டிய இடத்தில் 7,200 ரூபாய் கட்ட வேண்டி வந்திருக்கும். வருமானம் ரூபாயில் வரும் தொழிலுக்கு இது பெரிய அடி. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் டொலரிலோ பவுண்ஸிலோ விலை சொல்லும் தொழிலுக்கு அடி குறைவு. ஆகவே மாத வாடகையைப் பற்றி முடிவெடுக்க முன், உங்கள் வருமானம் எந்த நாணயத்தில் வருகிறது என்று பாருங்கள்.

ஆண்டுக் கட்டணம் மலிவாகத் தெரியும். ஆனால் முதல் ஆண்டிலேயே ஒரே தடவையாகக் கட்டிவிட்டு, மூன்றாம் மாதத்தில் பொருந்தவில்லை என்று அறிவது நட்டம். முதல் சில மாதங்கள் மாதாந்தம் கட்டிப் பார்ப்பது நல்லது.

பெயர்ப் பட்டியல் எங்கே போகிறது?

மற்ற நாடுகளில் எழுதப்படும் ஒப்பீடுகள் இந்தக் கேள்வியை இரண்டு வரியில் கடந்துவிடும். நம்மால் அப்படிக் கடக்க முடியாது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. பெயரும் முகவரியும் கொண்ட ஒரு சாதாரணப் பட்டியல் என்ன செய்யும் என்பது நமக்குப் பாடப்புத்தகத்தில் படித்த செய்தியல்ல. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் பதிவு, விண்ணப்பம், அடையாள அட்டை என்று எத்தனை தடவை பெயர் கொடுத்தோம் என்பதையும் ஒவ்வொரு குடும்பமும் அறியும்.

கேக் விற்கும் தொழிலின் ஷீட்டில் என்ன இருக்கிறது? வெளிநாட்டில் யார் இருக்கிறார், எந்த நாட்டில், எந்தத் தொலைபேசி இலக்கத்தில். ஊரில் அவருடைய தாய் எந்த வீட்டில் தனியாக இருக்கிறார். மாதம் எவ்வளவு பெறுமதியான பொருள் வருகிறது. திருடனுக்கும் இது பயன்படும்; கப்பம் கேட்பவனுக்கும் பயன்படும்; வெளிநாட்டுத் தொடர்புகளைத் தேடுபவருக்கும் பயன்படும். வாடிக்கையாளர் உங்களை நம்பித் தந்தது அது.

ஆகவே ஒவ்வொரு தளத்திலும் பார்க்க வேண்டியது இது. ஸாப்பியர் தரவை அமெரிக்காவில் வைத்துக் கையாள்கிறது. மேக்கில் கணக்குத் தொடங்கும்போதே ஐரோப்பாவா அமெரிக்காவா என்று தெரிவு செய்யலாம். என்-எயிட்-என் கிளவுட் சேவை ஜேர்மனியில் இயங்குகிறது; சொந்தமாக நிறுவினால் இடத்தை நீங்களே தீர்மானிக்கலாம். இடம் ஒருபுறம் இருக்க, பதிவு என்று இன்னொன்று உண்டு. ஓடிய ஒவ்வொரு வேலையின் உள்ளடக்கமும், பெயர் முகவரியுடன், தளத்தின் வரலாற்றுப் பகுதியில் சில காலம் இருக்கும். கணக்கின் கடவுச்சொல் ஒருவருக்குக் கிடைத்தால் ஷீட்டைத் திறக்காமலேயே பட்டியல் அவர் கைக்குப் போய்விடும்.

இதற்குச் செய்யக்கூடியவை எளியவை. தேவையில்லாததைப் படிவத்தில் கேட்காதீர்கள். கேக் கொடுக்க அடையாள அட்டை இலக்கம் தேவையில்லை. கொண்டுபோகிறவருக்கு முகவரியும் இலக்கமும் போதும். அனுப்பியவரின் நாடும் கட்டிய தொகையும் தேவையில்லை. பொருள் கொடுத்து முடிந்த பழைய வரிகளை ஒரு குறிப்பிட்ட கால எல்லையில் அழியுங்கள். தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். தொழிலுக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு வையுங்கள். குடும்பப் படங்களும் கடிதங்களும் இருக்கும் கணக்கை ஒரு தளத்துடன் இணைக்க வேண்டாம். இணைக்கும்போது “உங்கள் மின்னஞ்சல் முழுவதையும் வாசிக்க அனுமதி” என்று கேட்டால், அது அந்த வேலைக்கு உண்மையில் தேவையா என்று பாருங்கள்.

சட்டமும் இருக்கிறது. இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இன் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. தரவை நாட்டுக்கு வெளியே கையாள்வது பற்றிய நிபந்தனைகளும் அதில் உள்ளன. வாடிக்கையாளர் ஐரோப்பாவிலோ பிரித்தானியாவிலோ இருந்தால் அந்நாடுகளின் சட்டங்களும் பொருந்தக்கூடும். ஆனால் தனி மனிதரைச் சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்கும் பழக்கம் நமக்கு இல்லை. சேர்க்காத விபரம் களவு போகாது என்பதே பாதுகாப்பான வழி.

வட்ஸ்அப்பில் வரும் ஓடர்

நமது தொழில்களில் ஓடர் வருவது பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான். “வட்ஸ்அப்பையே தளத்துடன் இணைக்கலாமா?” என்பதுதான் பலர் முதலில் கேட்கும் கேள்வி.

இலவச வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியிலேயே சில வசதிகள் உள்ளன. நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதில், அடிக்கடி அனுப்பும் வசனங்களைச் சேமித்தல், பொருட் பட்டியல், “பணம் வந்தது”, “அனுப்பியாயிற்று” என்று அடையாளமிடும் வசதி. அந்தத் தானியங்கிப் பதிலில் உங்கள் படிவத்தின் இணைப்பை வைத்தால், அதிகாலை மூன்றரைக்கு எழுதியவருக்கும் உடனே வழி கிடைக்கும். பல தொழில்களுக்கு இவ்வளவும் போதும்.

அதற்கு மேல் வேண்டுமானால் மெட்டா நிறுவனத்தின் உத்தியோகபூர்வ வணிக இணைப்பை எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் முதலில் எழுதினால் 24 மணித்தியாலத்துக்குள் பதில் அனுப்பலாம். நீங்களாக முந்தி அனுப்பும் செய்திகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வடிவமும் கட்டணமும் உண்டு. இதைத் தவிர்க்கச் சிலர் “கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும், எல்லாம் தானாக நடக்கும்” என்னும் மலிவான கருவிகளை விற்கிறார்கள். அவை உத்தியோகபூர்வமானவை அல்ல. உங்கள் இலக்கம் தடைசெய்யப்படலாம். அதைவிட, உங்கள் எல்லா உரையாடல்களையும் யாரோ ஒருவரின் சேவரில் திறந்து விடுகிறீர்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களைத் தடுத்தது. அப்படியான நாளில் வட்ஸ்அப்பை மட்டுமே நம்பிய தொழில் வாயடைத்துப் போகும். படிவமும் மின்னஞ்சலும் ஒரு மாற்று வழியாக இருக்கட்டும்.

நமது மொழியும் நமது இலக்கங்களும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் வராத சில சில்லறைச் சிக்கல்கள் இங்கே உண்டு. அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எழுத்தைத் தளத்தின் ஊடாக அனுப்பினால் மறுமுனையில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் யூனிகோட்டில் வைத்திருங்கள்.

தொலைபேசி இலக்கத்தை ஷீட்டில் சாதாரணமாக இட்டால் முன்னால் உள்ள பூச்சியம் விழுந்துவிடும். 077 என்பது 77 ஆகும். அந்த நிரலை எழுத்து வடிவமாக மாற்றுங்கள், அல்லது +94 உடன் எழுதும்படி படிவத்திலேயே கேளுங்கள். ஒரே ஆளைப் பெயரால் தேடாதீர்கள். ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறவர்கள் நாம். ரொறன்ரோ மகன் எழுதும் எழுத்துக்கூட்டல் ஒன்று, அம்மாவின் அடையாள அட்டையில் உள்ளது இன்னொன்று. தொலைபேசி இலக்கமே நம்பகமான அடையாளம்.

நேரத்தையும் சரிபாருங்கள். என்-எயிட்-என்னைச் சொந்தமாக நிறுவினால், மாற்றாத வரையில் அது நியூயோர்க் நேரத்தில் இயங்கும். “காலை எட்டு மணிக்கு இன்றைய ஓடர்களை அனுப்பு” என்று சொன்னால் மாலையில்தான் வரும். எந்தத் தளத்திலும் கொழும்பு நேரத்தைத் தெரிவு செய்ய முடியும். தெரிவு செய்யாவிட்டால் பிழை நம்முடையது.

எதைத் தளத்திடம் விடக்கூடாது

வங்கியில் பணம் கட்டிய சிட்டையைப் படமெடுத்து அனுப்புவது நம்மிடையே வழக்கம். அந்தப் படத்தைச் செயற்கை நுண்ணறிவு வாசித்து “பணம் வந்தது” என்று உறுதிசெய்யும் வசதியை இப்போது பல தளங்கள் காட்டுகின்றன. படத்தைத் திருத்துவது இலகு. பணம் வந்ததா என்பதை உங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்து ஒரு மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். தளம் நினைவூட்டலாம், தீர்ப்புச் சொல்ல விடக்கூடாது. அதுபோலவே மரண வீட்டுக்கு மலர்வளையம், ஆண்டுத் திவசத்துக்கான சாப்பாடு போன்ற ஓடர்களுக்கு “உங்கள் மகிழ்ச்சியில் பங்குகொள்கிறோம்” என்ற தானியங்கி வாசகம் போய்விடக்கூடாது. அப்படியானவற்றைப் படிவத்திலேயே தனியாகப் பிரித்து, கையால் பதில் எழுதுங்கள்.

வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்த இடத்தில் ஒரு பிள்ளையின் வேலையை இயந்திரத்துக்குக் கொடுப்பது சரியா என்ற கேள்வியும் நியாயமானது. சம்பளத்துக்கு ஆள் வைக்கக்கூடிய தொழில், பெயரைத் திரும்பத் திரும்பப் படியெடுக்கும் வேலையைத் தளத்திடம் விட்டு, வாடிக்கையாளருடன் பேசும் வேலையை அந்தப் பிள்ளையிடம் கொடுக்கலாம். ஆள் வைக்க முடியாமல் இரவு பன்னிரண்டு மணிவரை தனியாக விழித்திருக்கும் பெண்ணுக்கோ, இது இன்னொருவரின் வேலையைப் பறிப்பதல்ல. அவருடைய தூக்கத்தைத் திருப்பித் தருவது.

வெளியேறும் பாதை

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது குடாநாட்டில் இருந்தவர்களுக்கு, ஒரே தரைப்பாதையை நம்பியிருப்பது என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தொழிலையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

ஓட்டோமேட்.ஐஓ என்ற தன்னியக்கத் தளத்தை 2021 செப்டெம்பரில் நோஷன் நிறுவனம் வாங்கியது. 2022 ஒக்டோபர் இறுதியுடன் அந்தச் சேவை மூடப்பட்டது. அதில் தொழிலை ஓட்டியவர்கள் எல்லாவற்றையும் வேறிடத்தில் மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. இலவசமாகவே இருந்த இஃப்ட் தளம், 2020இல் இலவசக் கணக்குக்கு மூன்று இணைப்பு என்று எல்லை போட்டது. விலைகளும் நிபந்தனைகளும் எப்போதும் மாறலாம். இங்கே சொன்ன விலைகளையும் பணம் கட்டுமுன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தளத்தில் அமைத்த ஓட்டத்தை இன்னொன்றுக்கு அப்படியே மாற்ற முடியாது. மேக்கிலும் என்-எயிட்-என்னிலும் ஓட்டத்தைக் கோப்பாக இறக்கி வைக்கலாம். ஆனால் மேக்கின் கோப்பை மேக்கிலும் மற்றதன் கோப்பை அதிலும் மட்டுமே திறக்கலாம். ஆகவே உண்மையான சொத்து உங்கள் ஷீட்தான். வாடிக்கையாளர் விபரமும் ஓடர் வரலாறும் தளத்துக்குள் அல்ல, உங்கள் கையில் இருக்கும் ஷீட்டில் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை அதை இறக்கிப் பூட்டிய பென்டிரைவில் வையுங்கள். ஒவ்வோர் ஓட்டமும் என்ன செய்கிறது என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி வையுங்கள்.

கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். அமைத்துத் தரும் தம்பியின் சொந்த மின்னஞ்சலில் கணக்கு இருந்தால், அவர் வெளிநாடு போகும் நாளில் உங்கள் தொழிலின் சாவியும் அவருடன் விமானம் ஏறும். கணக்கும் கடவுச்சொல்லும் தொழிலின் பெயரில் இருக்கட்டும். அவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள்.

அப்படியானால் எது?

மாதம் நூறு ஓடருக்குக் குறைவு என்றால் எதற்கும் பணம் கட்ட வேண்டாம். வட்ஸ்அப் பிஸ்னஸ், கூகுள் ஃபோர்ம், கூகுள் ஷீட் போதும். மின்னஞ்சல் தானாகப் போக வேண்டுமென்றால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்.

நூறைத் தாண்டி, கிளை பிரியும் வேலைகள் கூடும்போது மேக் கைக்கு அடக்கமானது. தொடக்கத்தை வெப்ஹுக்கில் அமைக்க மறக்காதீர்கள். படி குறைவு, பழக நேரம் இல்லை, வருமானம் வெளிநாட்டு நாணயத்தில் வருகிறது என்றால் ஸாப்பியர் தரும் இலகு அதன் விலைக்குத் தகும். படிகள் மிக அதிகம், தரவு வெளி நிறுவனத்திடம் போகக்கூடாது, பார்த்துக்கொள்ள நம்பிக்கையான தொழில்நுட்பக்காரர் இருக்கிறார் என்றால் சொந்தமாக நிறுவிய என்-எயிட்-என். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், முன்னாள் போராளிகள், காணிப் பிரச்சினை உள்ளவர்கள் ஆகியோரின் விபரங்களைக் கையாளும் அமைப்புகள் தன்னியக்கத்தைப் பற்றி யோசிக்க முன்னரே, அந்த விபரம் இணையத்தில் இருக்கத்தான் வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். சில பட்டியல்கள் கடதாசியில், பூட்டிய அலுமாரியில் இருப்பதே நல்லது.

எதைத் தெரிவு செய்தாலும், முதல் இரண்டு கிழமை கொப்பியையும் கைவிடாதீர்கள். தளம் எழுதியதையும் நீங்கள் எழுதியதையும் ஒவ்வொரு மாலையும் ஒப்பிடுங்கள். இரண்டும் தொடர்ந்து பொருந்தி வந்த பின்னர் கொப்பியை மூடலாம்.